கரகரத்த குரல்களின் காலம்

வடசென்னையின் ஓசைகள் – பகுதி 14

1949 செப்டம்பர் 18. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழை. முந்தின நாள் ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் கூடி முடிவெடுத்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் அங்கே நடந்தது. நனைந்தபடி நின்ற கூட்டத்தின் முன் அண்ணா பேசினார். அந்த மாலையின் அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்தத் தொடருக்கு வேண்டியது அண்ணாவின் தொண்டை. இயல்பிலேயே கரகரத்த குரல் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மேடையேறியிருந்தால், நாலு வரிசைக்கு அப்பால் அந்தக் குரலின் நயம் போய்ச் சேர்ந்திருக்காது. உரக்கக் கத்த வேண்டிய மேடையில் அடுக்குமொழியை நிறுத்தி, நெளித்து, மெல்ல இறக்கிப் பேச முடியாது. பேச்சுவழக்கின் அந்தரங்கத்தை ஒரு பூங்கா முழுவதற்கும் கொண்டுசேர்க்க மைக் வேண்டியிருந்தது.

அதே 1949-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஷ்யூர் பிரதர்ஸ் நிறுவனம் 520 என்ற எண்ணில் ஒரு மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை, சாம்பல் கலந்த பச்சை நிறம். பின்னாளில் அதற்கு ‘கிரீன் புல்லட்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. டாக்சி நிலையத்தில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு வழி சொல்பவர்கள், வீட்டிலிருந்தே வானொலி அலையில் பேசிக்கொள்ளும் அமெச்சூர்கள் ஆகியோருக்காகச் செய்த பொருள். பேச்சு புரிந்தால் போதும், இனிமை தேவையில்லை. அப்படிப்பட்ட மைக்குகளைத்தான் சிகாகோவின் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகளில் மவுத் ஆர்கன் வாசித்தவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ராபின்சன் பூங்காவுக்கும் அந்தப் பச்சை மைக்குக்கும் நேரடி உறவு கிடையாது. ஆனாலும் இரண்டையும் ஒரே பகுதியில் சேர்த்து எழுத வேண்டும் என்று இந்தத் தொடரைத் தொடங்கும்போதே நினைத்திருந்தேன். அறிவிப்புக்காகச் செய்த மலிவான கருவி, பிழைக்க வந்த உழைப்பாளிகளின் கையில் வாத்தியமாக மாறிய கதை இரண்டு ஊர்களிலும் நடந்திருக்கிறது. அங்கே எந்த மைக், எந்த வால்வு, எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்று புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே மைக் செட்டின் வரலாறு வாடகை ரசீதோடு முடிந்துவிடுகிறது.

மைக்குக்கு முந்தைய வடசென்னை எப்படிப் பேசியது? 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் திரளாகக் கூடுவார்கள். பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேச, அதை ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். எல்லாம் வெறும் தொண்டையில். 1923 மே தினத்தன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் சிங்காரவேலர் கூட்டம் நடத்தியதும் அப்படித்தான், பக்கத்தில் அலை இரைந்துகொண்டிருக்க. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொல்ல, பேச்சு வாய்வழியாகப் பின்வரிசைக்கு நகரும் காலம் அது.

பாட்டும் அந்தக் கட்டாயத்துக்குள்தான் வளர்ந்தது. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை அரங்கில் நாடகம் பார்க்க வந்தவர்களின் கடைசி பெஞ்சு வரைக்கும் பாட்டு போயாக வேண்டும். அதனால் நடிகர்கள் மேல்சுருதியில் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா ரசிகர்களைக் கட்டிப்போட்டதில் அந்த எட்டாத உச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1933-ல், முப்பது வயதுகூட நிரம்பாமல் அவர் போய்விட்டார். அவரோடு, மைக் இல்லாத மேடையின் இலக்கணமும் மெல்லப் போகத் தொடங்கியது. திருவொற்றியூரில் தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்த காலத்துச் சங்கீதம் வேறு அளவில் நடந்தது. ஒரு கூடம், சில டஜன் காதுகள். அதைப் பற்றி ஐந்தாம் பகுதியில் விரிவாகவே பார்த்தோம்.

ஒலிபெருக்கி உலகுக்கு அறிமுகமானது 1915-ல். ஜென்சன், பிரிதம் என்ற இருவர் அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பெரும் கூட்டத்துக்குப் பெருக்கிக் காட்டினார்கள். மேக்னவாக்ஸ் நிறுவனம் அவர்களுடையது. சென்னைக்கு இந்த அனுபவம் வானொலி வழியாக வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலி சங்கம் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-ல் நிறுத்தியது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் மாலை நேர நிகழ்ச்சிகளை நடத்தியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே மெரினாவிலும் நகரின் பூங்காக்கள் சிலவற்றிலும் ஒலிபெருக்கிகளைக் கட்டினார்கள். சென்னை மக்களில் பெரும்பாலோர் இயந்திரக் குரலை முதன்முதலில் கேட்டது தனித்து உட்கார்ந்தல்ல, கூட்டமாக நின்று, திறந்த வெளியில். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நம் ஊர்க் காது எங்கே பழகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேடைக்கு மைக் வந்த கதையில் ஒரு சிந்திக் குடும்பம் இருக்கிறது. கியான்சந்த் மோட்வானே 1909-ல் சிந்து மாகாணத்தில் தொடங்கிய வணிகம் பிறகு பம்பாய்க்கு வந்து ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயரில் ஒலிபெருக்கிகள் விற்றது. அவர் மகன் நானிக் மோட்வானே 1930களிலிருந்து காங்கிரஸ் மாநாடுகளுக்கு மைக் கட்டினார். காந்தி, நேரு பேசும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். மைக்கின் நெற்றியில் அந்தப் பெயர்ப்பலகை தெரியும். 1942-ல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலி வழக்கில் நானிக்கும் கைதானார். டெல்லியில் 1940-ல் தொடங்கிய அஹுஜா பின்னாளில் ஊர் ஊராகப் பரவியது. இன்று தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் மைக் கட்டினாலும் அந்தப் பெயர் எழுதிய பெட்டி ஒன்று அங்கே இருக்கும்.

இனி அசல் சிகாகோவுக்குப் போவோம்.

மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பின மக்கள் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1943-ல் அப்படி வந்தவர்தான் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற மட்டி வாட்டர்ஸ். ஊரில் வீட்டுத் திண்ணையில் கிடார் வாசித்தவருக்கு நகரத்துச் சாராயக்கடை இரைச்சலில் மின்சாரம் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில், பக்கத்துக் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரை ஓட்டி வாசிப்பார்கள். ஸ்னூக்கி பிரையர் என்ற மவுத் ஆர்கன் கலைஞர், இரண்டாம் உலகப் போரில் ராணுவ முகாமின் ஒலிபெருக்கியில் ஊதிப் பழகிய பிறகே தனக்கு இந்த யோசனை வந்தது என்பார். முதலில் செய்தவன் நான்தான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். முதல் ஆள் யாரென்ற வழக்கு இருக்கட்டும். ராணுவ ஒலிபெருக்கி, சந்தையின் அறிவிப்புப் பெட்டி, டாக்சி மைக் எல்லாம் ஒரே குடும்பத்துக் கருவிகள்.

அவற்றை முழு வாத்தியமாக்கியவர் லிட்டில் வால்டர். லூசியானாவில் பிறந்தவர், பதின்பருவத்திலேயே சிகாகோ வந்து மட்டி வாட்டர்ஸ் குழுவில் சேர்ந்தவர். 1952 மே 12-ல் அவர் பதிவுசெய்த ‘ஜூக்’ என்ற இசைத்தட்டு, கறுப்பின இசைக்கான பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. பாட்டே இல்லை, மவுத் ஆர்கன் மட்டும். அதுவும் பலருக்கு மவுத் ஆர்கனாகவே கேட்கவில்லை. சாக்ஸபோன் என்று நினைத்தவர்கள் உண்டு. 1968-ல் தன் 37-ம் வயதில் இறந்தார்.

அந்த ஒலி எப்படி வந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்துத் துளை மவுத் ஆர்கன் சின்னக் கருவி. உள்ளே இருபது பித்தளை நாக்குகள். வெறுமனே ஊதினால் கீச்சென்ற பிரகாசமான சத்தம். வால்டர் வகையறா செய்தது என்னவென்றால், மைக்கையும் கருவியையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு கைகளாலும் காற்றுப் புகாமல் பொத்திப் பிடித்தார்கள். பொத்திய கைக்குள் சிறு அறை ஒன்று உருவாகிறது. மேல் அலைவரிசைகள் அங்கேயே அடங்கிவிடுகின்றன. காற்றழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. பேச்சின் மென்மையான அழுத்தத்துக்காகச் செய்த மைக் அதைத் தாங்க முடியாமல் திணறும். அந்தத் திணறல் ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வுக்குப் போய் அங்கேயும் முனை மழுங்கும். கடைசியில் எட்டு அல்லது பத்து அங்குலக் காகித ஸ்பீக்கர் நடுங்கிக்கொண்டே அதை வெளியே தள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, கனத்து, தொண்டை கட்டிய மனிதக் குரல்போல வந்து சேரும். கையைச் சற்றே திறந்தால் தெளிவு, மூடினால் இருள். கை, மைக், வால்வு, ஸ்பீக்கர் நான்கும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியம்.

ஒரு தொல்லை உண்டு. ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் ஊளையிடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் வெளியே வந்து சுற்றுவதால் அப்படி. அதற்காகவே மவுத் ஆர்கன்காரர்கள் முதல் நிலை வால்வைக் கழற்றி, பெருக்கும் திறன் குறைந்த வேறொன்றைச் செருகுவார்கள். 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 12ஏஒய்7. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட, 1959 வாக்கில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன், பாஸ் கிடாருக்காகச் செய்த பெட்டி. அதையும் இவர்களே விரும்பித் தேடினார்கள். ஷ்யூர் நிறுவனம் வெகுகாலம் கழித்து, ஒலி அளவைத் திருகும் குமிழை மைக்கிலேயே வைத்து, மவுத் ஆர்கன் கலைஞர்களுக்காகவே 520டிஎக்ஸ் என்று ஒன்றைச் செய்து விற்றது. தெருவில் பிறந்த உபயோகத்தைத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட தருணம் அது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம்.

சிகாகோக்காரர்கள் நாடிய இன்னொரு மைக் ஆஸ்டாடிக் ஜேடி-30. அதன் உயிர் ரோஷெல் உப்புப் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள். இனிமையாகக் கரகரக்கும், ஆனால் சவலைப் பிள்ளை. ஈரம் கோத்தால் கரையும். 55 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் உருக்குலையும். எண்ணூர்க் கழிமுகக் காற்றும் காசிமேட்டு வெயிலும் சேர்ந்த இடத்தில் அப்படிப்பட்ட மைக் எத்தனை நாள் பிழைக்கும்? நம் கடலோரத்துக்கு வாய்த்தது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் மைக்தான். கீழே விழுந்தாலும், வியர்வை பட்டாலும், பேசுபவர் உதட்டோடு ஒட்டிவைத்துக் கத்தினாலும் தாங்கும்.

வடசென்னை மைக் செட் என்றால் என்னென்ன? ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், ஸ்டாண்டு, ஒயர்ச் சுருள்கள், குழாய் ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இரண்டு உண்மைகளைச் சொல்லும். ஒன்று, மின்சாரத்திலும் ஓடும், 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மின்சாரம் இல்லாத ஆலை வாசலிலும், நகரும் ரிக்‌ஷாவிலும், சாவு ஊர்வலத்திலும் அது பேசும். இரண்டு, 100 வோல்ட் லைன் என்ற வெளியீட்டு முனை. ஒயரை ஒரு தெரு முழுக்கக் கம்பம் கம்பமாக இழுத்துக் கட்டினாலும் வழியிலேயே சக்தி பெரிதாக வீணாகாமல் கடைசிக் குழாய் வரை போகும். தெருவையே அரங்கமாக்கியது இந்த முனைதான்.

குழாய் ஸ்பீக்கர் தனிப் பிறவி. சாதாரணக் காகித ஸ்பீக்கர் வாங்குகிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக்கும். கூம்பு, காற்றோடு இசைந்து பிடித்துக்கொள்வதால் அதைப் போலப் பல மடங்கு தரும். முப்பது வாட்டில் ஒரு பேட்டை முழுவதும் கேட்கும். அதற்குக் கொடுக்கும் விலை, கீழ்ச்சுருதி. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது எதையும் சரியாகச் சொல்லாது. 6,000-க்கு மேலேயும் மங்கிவிடும். ஆண் குரலின் அடிப்படை அலை 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை என்றால், அந்த அடி குழாய் வழியாக வரவே வராது. காது மேல் அலைகளைக் கொண்டு அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. எஞ்சி வருவதெல்லாம் தொண்டை, மூக்கு, பல், நாக்கு. வல்லின எழுத்துகள் அடித்துக்கொண்டு முன்னே வரும். இதில் இன்னொரு பொருத்தம்: ‘சி’ சுருதி மவுத் ஆர்கனின் கீழ்ச்சுரம் 262 ஹெர்ட்ஸ், மேல்சுரம் 2,093. குழாய் எதைச் சுகமாகச் சொல்லுமோ கிட்டத்தட்ட அதே எல்லை.

கானாவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வருவது இந்நேரம் பிடிபட்டிருக்கும். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு வட்டாரங்களில் துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் வளர்த்த பாட்டு அது. மரண கானா என்பது இறந்தவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் நடக்கும். இறந்தவரின் பெயர், தொழில், குணம், விட்டுப்போன பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிப் பாடுவார்கள். கூட டோலக்கோ சட்டியோ இருக்கும். குரலோ அடிவயிற்றிலிருந்து மூக்கு வழியே எறியப்படும், வார்த்தைகளின் விளிம்பு கூராக இருக்கும், கடைசி அசையை இழுத்து விடும்போது ஒரு கிழிசல் கேட்கும். அந்தக் கிழிசலைக் குழாய் ஸ்பீக்கர் மறைக்காது, தூக்கிக் காட்டும். பாடுபவர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி, தலைப்பகுதியை முஷ்டிக்குள் பொத்தி, உதட்டோடு அழுத்திப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிப்பொறியாளர்கள் அதைத் தவறு என்பார்கள். திசை பார்த்து வாங்கும் மைக்கின் பின்துளைகள் அடைபட்டால் ஊளை வரும் என்பது உண்மைதான். ஆனால் பொத்திய கை நடு அலைகளைத் திரட்டுகிறது. குழாய் விழுங்கும் கனத்தைப் பாடுபவர் கையாலேயே ஈடுகட்டுகிறார். மேக்ஸ்வெல் தெருவில் கண்டுபிடித்த அதே கையை இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இது வாசிப்பு.

ஆலை வாசல்களில் வேறொரு குரல் வளர்ந்தது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, பலூன் செய்யத் தொடங்கி டயருக்குப் போன எம்.ஆர்.எஃப்., 1955-ல் வந்த என்ஃபீல்டு, எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி லேலண்ட் ஆன தொழிற்சாலை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வாயிற்கூட்டம். சங்கு முடிந்த அடுத்த நிமிடம் தொடங்கி, பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு மைக், ஒரு பேட்டரி, ஒரு குழாய். லாரி இரைச்சலுக்கு மேல் ஏறிச் செல்லும் குறுகிய வாக்கியங்கள். கழக மேடையின் நெளிவு சுளிவுக்கும் இந்த வாயிற்கூட்டத்தின் வெட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை யாராவது ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஆராய வேண்டும். மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் மதுரையில் தங்கித் தமிழ் மேடைப் பேச்சைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு அப்படி ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை.

கடற்காற்று இந்தக் கருவிகளைச் சும்மா விடாது. அலுமினியக் கூம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். ஒயர் முனை பச்சையாகும். குழாயின் கழுத்தில் திருகியிருக்கும் டிரைவர் யூனிட்டுக்குள் மெல்லிய சவ்வும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரை எல்லை மீறி ஏற்றினால் சுருள் கருகும். ‘யூனிட் போயிடுச்சு’ என்பார்கள். போவதற்குச் சற்று முன் அது எழுப்பும் உடைந்த ஒலியைச் சிகாகோவில் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். வால்வு காலம் முடிந்து டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தபோது அங்கே கலைஞர்கள் பழைய வால்வை விட மறுத்தார்கள். இங்கே அந்தப் பிடிவாதத்துக்கு இடமில்லை. எடை குறைந்து பேட்டரி நீண்ட நேரம் நின்றது, அதுவே பெரிது. பழைய வால்வுப் பெட்டிகள் எடைக்குப் போயின. வரலாற்றாசிரியனாக எனக்கு வலிக்கும் இழப்பு இது.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காவல்துறை அனுமதிக் கடிதங்களில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனை வழக்கமாகிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுத்த படுக்கையில் இருப்பவருக்கும் இந்த விதி தேவை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இரவெல்லாம் பாடும் சடங்கைக் கொண்ட மக்களுக்கு, பத்து மணி என்பது தங்கள் துக்கத்தின் நடுவே விழுந்த கோடு. குழாயின் இடத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. கீழ்ச்சுருதி முழுதாகத் திரும்பியது, பேஸ் அதிர்ந்தது. குரல்கள் அதற்கேற்ப மாறத் தொடங்கின.

தேவாவின் இசையில் 1990களில் திரைக்கு ஏறிய கானா, ஸ்டூடியோவின் சுத்தமான மைக்குகளுக்கு முன் நின்று பாடியது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனின் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியது. சாவு வீட்டுச் சட்டியும் கட்டமொளமும் எலெக்ட்ரிக் கிடாரோடு ஒரே மேடையில், ஒவ்வொன்றுக்கும் தனி மைக்கோடு நின்றன. கிடார் பெட்டியிலிருந்து வந்த கரகரப்பு சிகாகோவின் வாரிசு. கானாக்காரர்களின் தொண்டையிலிருந்து வந்தது ராயபுரத்துடையது. இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஒரு ஒத்திகைக்கு மேல் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த பகுதியில்: பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர்கள், சாவு வீட்டுப் பாட்டு கேசட்டில் ஏறிய விதம்.